எஸ்தர் கொண்டுவந்த ஒற்றைக் குளிசை

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்த அந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று இன்னமும் தோன்றுகிறது. எடுக்காமல் விட முடியாது... அதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு டொக்டர் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக முன்மேசையில் இருக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். போன் எடுப்பது, ஆட்களைப் பதிவது, இரத்தம் எடுப்பது, இடையில் இந்தப் பத்திக்கு விஷயம் பொறுக்குவது.

போன வாரம் மெட்ரோவில் சீட்டுக்குச் சண்டை பிடித்த கதையை எழுதி உங்களைச் சிரிக்க வைத்தேன். இந்த வாரம் அதற்கு வழியில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லாதீர்கள்.

அழைத்தது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. பள்ளிக்கூட நீச்சல் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது. ஆசிரியை குதித்துத் தூக்கியிருக்கிறார். மூச்சு திரும்ப நேரம் எடுத்திருக்கிறது. வெளியே கிடத்தியபோதும் கைகால் வெட்டி இழுத்ததாம். போனில் பேசிய பெண் டொக்டருக்கு ஒரே ஒரு விஷயம் அவசரமாகத் தெரிய வேண்டும். பிள்ளைக்கு முன்பே வலிப்பு இருந்ததா? எங்கள் பதிவில் என்ன இருக்கிறது?

பெயரைத் தட்டினேன். பக்கம் திறந்தது. வலிப்பு — இல்லை. அதற்குப் பக்கத்தில், பதிவு செய்தவரின் முதலெழுத்துகள்.

என்னுடைய எழுத்துகள்.

"இல்லை என்றுதான் இருக்கிறது," என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

எஸ்தரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பிள்ளையின் தாய். எஸ்தர் என்பது அவருடைய உண்மைப் பெயரல்ல. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், பெயர்களை மட்டும் மாற்றுங்கள் என்றார். மகளுக்கு ஃபுராஹா என்று அவரே ஒரு பெயர் தெரிவு செய்து தந்தார். சுவாஹிலியில் மகிழ்ச்சி என்று அர்த்தமாம். அப்படியே எழுதிக்கொண்டேன்.

எஸ்தர் கொங்கோவில் பிறந்தவர். உகண்டாவில் ஒரு அகதி முகாமில் பதினொரு வருடம் இருந்தவர். கணவர் இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்பது நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் ஒன்று. இரண்டு மகள்மார். நோர்வே அரசாங்கமே முகாமிலிருந்து தெரிவு செய்து, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்த குடும்பம். எங்களைப் போல ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் பனிக்காட்டுக்குள் நடந்து வந்தவர்களல்ல. முறையாக அழைக்கப்பட்ட விருந்தாளிகள்.

வந்த மூன்றாவது வாரம் முதல் பரிசோதனை. டொக்டரிடம் போகுமுன் படிவத்தை நிரப்புவது என் பொறுப்பு. மொழிபெயர்ப்பாளர் போனில். ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம். மொழிபெயர்ப்பு என்றால் ஒவ்வொரு வசனமும் இரண்டு தரம் நடக்கும். ஆகவே இருபது என்பது பத்து. நடுவில் லைன் அறுந்தது. ஆகவே பத்து என்பது ஏழு. ஏழு நிமிடத்தில் மூன்று பேருடைய உடம்பு!

காசநோய்? ஹபானா. நீரிழிவு? ஹபானா. இதயம்? ஹபானா. நான் கற்றுக்கொண்ட முதல் சுவாஹிலிச் சொல் அதுதான். இல்லை என்று அர்த்தம்.

வலிப்பு?

எஸ்தர் உடனே பதில் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, ஹபானா.

ஃபுராஹா பக்கத்தில் இருந்தாள். சட்டைக்கை சற்று மேலே ஏறியிருந்தது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய தீக்காயம். தோல் இழுபட்டு மினுங்கியது. தாடைக்குக் கீழேயும் ஒன்று இருந்தது.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. வலிப்பு வந்து அடுப்புக்குள் விழுந்த பிள்ளையின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஒழுங்கையிலேயே ஒருத்தி இருந்தாள். அவள் விழுந்தால் கையில் இரும்புத் திறப்பைத் திணித்து, வீட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கலியாணம் பேசும் இடத்தில் மூச்சுக்கூட விடமாட்டார்கள். கையில் திறப்பு, வாயில் பூட்டு. அவளுடைய தாயின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எஸ்தர் என்னைப் பார்த்தது அதே முகத்தோடுதான்.

ஆனால் வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

இது முதல் தவறு. இரண்டாவது இதைவிட மோசம். அதையும் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

போன மாசிப் பனியில் ஒருநாள் எஸ்தர் தனியாக வந்தார். அப்பொயின்ட்மென்ட் இல்லை. முன்மேசையில் நான்தான் இருந்தேன். கையுறையைக் கழற்றி, உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு கடதாசித் துண்டை எடுத்துப் பிரித்தார். நடுவில் ஒரு சின்ன வெள்ளை மருந்துக் குளிசை. பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. அதை விரலால் என் பக்கம் தள்ளி, அரைகுறை நோர்வே மொழியில் கேட்டார். "இங்கே... இருக்கா?"

அவ்வளவுதான். ஒரு தாய் ஒரு குளிசையை எடுத்துக்கொண்டு, பனியில் நடந்து வந்து, உலகத்தில் உள்ள தைரியத்தையெல்லாம் சேர்த்துக் கேட்ட கேள்வி அது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைபேசியில் மொழிபெயர்த்து அவரிடம் காட்டினேன். 'தயவுசெய்து இணையத்தில் நேரம் பதிவு செய்யவும்.' இணையத்தில் நுழைய வங்கி தரும் மின் அடையாளம் வேண்டும். அது அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதை வாங்க வேறொரு அலுவலகத்தில் நேரம் எடுக்க வேண்டும். அந்த நேரத்தையும் இணையத்தில்தான் எடுக்க வேண்டும். இதை நான் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்தினால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அவர் அந்த வாசகத்தை இரண்டு தரம் படித்தார். குளிசையை மறுபடி கடதாசியில் மடித்தார். கையுறையை மாட்டினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கிளினிக்கில் சுவரோடு ஒரு தட்டு இருக்கிறது. பல மொழிகளில் துண்டுப்பிரசுரங்கள். எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், உங்கள் உரிமைகள் எவை என்று விளக்கமாக இருக்கும். தமிழில் இருக்கிறது — எடுப்பாரில்லாமல் மஞ்சளாகிப் போயிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இப்போது அது தேவையில்லை. அவர்களின் பிள்ளைகளே டொக்டர்கள். சுவாஹிலியில் ஒரு தாள்கூட இல்லை. யாரோ ஒருகாலத்தில் போட்ட பட்டியல்; அதற்குப் பிறகு உலகத்தில் வேறு யாரும் அகதியாகவில்லை என்று நினைத்துவிட்டார்கள்போல.

செவ்வாய் பின்னேரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஒரு பிள்ளை, ஒரு தாய், ஒரு பொய் என்று மட்டும் சொன்னேன்.

கணவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த மனுசி ஏன் சொல்லேல்லை? இது என்ன, ஆமிக்காரன்ரை சென்ரியே? டொக்டரிட்டைச் சொல்லுறதுக்கு என்ன பயம்?"

கேட்பவர் யார் என்று பாருங்கள். என் கணவர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது இருபத்தொரு வயது. பதினேழு என்று சொன்னார். சின்னப் பொடியன் என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று கூட வந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று எழுதின வயதும் பிறந்த திகதியும் அப்படியே நின்றுவிட்டன. எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்றுக்குக் கேக் வெட்டுவோம், மற்றதற்குக் கோயிலில் அர்ச்சனை செய்வோம். கடவுளுக்கு மட்டும் சரியான திகதி!

இதில் சிரிக்க நிறைய இருந்தது. போன மாதம்வரை நானும் சிரித்தேன். போன மாதம் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் எல்லோருக்கும் வருவது. இவருக்கு நான்கு வருடம் பிந்தி வந்திருக்கிறது. கடிதம் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதைக் காட்டிச் சொன்னேன். "நாளைக்கு எங்கடை டொக்டரிட்டைப் போய் உங்கடை உண்மையான வயசைச் சொல்லுங்கோ. உங்கடை அப்பாவுக்கும் இந்த வருத்தம்தானே வந்தது."

அவருடைய கை சோற்றுக்குள் நின்றுவிட்டது.

"இஞ்சை பாரும், உமக்கென்ன விசரே? இப்ப போய்ச் சொன்னா, அண்டைக்குப் பொய் சொன்னனீ எண்டு பாஸ்போட்டைப் புடுங்கிப்போடுவாங்கள்."

இந்த நாட்டின் குடிமகன். முப்பத்தெட்டு வருடம் வரி கட்டியவர். இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப் போடுகிறவர். அவருக்கே இந்தப் பயம் இன்னும் போகவில்லை. வந்து பதினாறு மாதமே ஆன எஸ்தரிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாமா? எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கிவிட்டேன். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

புதன்கிழமை கிளினிக்கில் கூட்டம். கறுவாப் பணிஸும் கோப்பியும். எங்கள் டொக்டர் எரிக் நல்ல பிள்ளை. முப்பத்தைந்து வயது, கண்ணில் ஈரம் தெரிந்தது. படிவத்தைப் பார்த்தார், என் முதலெழுத்துகளைப் பார்த்தார், அவை இல்லாததுபோலப் பேசினார். இது தனிப்பட்ட யாருடைய தவறும் அல்ல, நடைமுறையில் உள்ள குறை என்றார். அறிக்கை ஒன்று எழுத வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

இந்த நாட்டில் மனிதர்கள் தவறு செய்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? நடைமுறைதான் தவறு செய்யும். அதைத் திருத்த ஒரு குழு போடுவார்கள். திருந்திய நடைமுறை புதிய தவறு செய்யும்வரை எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம்.

குளிசை விஷயத்தை அப்போது சொன்னேன். கையுறை, கடதாசி, நான் கைபேசியில் காட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் பணிஸை எடுக்கவில்லை. எரிக், "அதையும் அறிக்கையில் சேர்ப்போம்," என்றார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளினிக் ஆளாகப் போகவில்லை. வழியில் குறொன்லாண்ட் கடைத்தெருவில் இறங்கி மாம்பழம் நான்கு வாங்கிக்கொண்டு, தெரிந்த ஒரு மனுசியாகத்தான் போனேன். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டேன். எஸ்தர் நாற்காலியைக் காட்டினார். சின்னவள் நேமா, ஏழு வயது, ஜன்னலோடு இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். அன்று நேரிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். நடுவயதுப் பெண், அமைதியான முகம்.

ஃபுராஹா கண் விழித்திருந்தாள். உயிருக்கு இனி ஆபத்தில்லை. தாயைப் பார்த்து ஏதோ கேட்டாள். எஸ்தர் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டாள். திரும்பவும் பதில். நான் இருந்த பத்து நிமிடத்தில் நான்கு தரம். என்ன கேட்கிறாள் என்று மொழிபெயர்ப்பாளரிடம் விசாரித்தேன்.

"என் நீச்சல் உடுப்பு எங்கே என்று கேட்கிறாள்," என்றார்.

மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரத்தில் ஞாபகம் அடிபட்டிருக்கிறது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பொறுத்துப் பார்ப்பது இந்த நாட்டின் முதல் மருந்து. எஸ்தருக்கு அலுப்பே இல்லை. ஒவ்வொரு தரமும் முதல்தரம் கேட்டதுபோல, வீட்டில் காயப்போட்டிருக்கிறது மகளே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு எனக்குச் சொன்னார். முகாமில் அவர்களுக்குப் பக்கத்துக் குடிசையில் ஒரு குடும்பம். அவர்களுடைய பெயரும் நோர்வேப் பட்டியலில் வந்தது. விமானத்துக்கு முன் மருத்துவச் சோதனை. அந்தத் தாய் தன் மகனுக்கு இருந்த வருத்தத்தை மறைக்காமல் சொன்னாள். அவர்களின் பைல் நிறுத்தி வைக்கப்பட்டது. சிகிச்சை முடியட்டும் என்றார்களாம். அந்தக் குடும்பம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு முகாமில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளை உடுப்புக்காரர் எதைக் கேட்டாலும் ஹபானா.

இங்கே வந்ததும் சொல்லியிருக்கலாம்தானே? அதையும் நான் கேட்டேன். அங்கே இல்லை என்று கையெழுத்து வைத்தாயிற்று. இங்கே ஆம் என்றால் பொய்க்காரி. பொய்க்காரியைத் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பாவிட்டாலும் பிள்ளைகளைப் பறித்துக்கொள்வார்கள் என்று அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகள் நலத் துறையின் பெயரைச் சொல்லும்போது எங்கள் ஆட்களும் குரலைத் தாழ்த்துவார்கள் அல்லவா? அதே பயம்தான்.

ஆகவே முகாம் டிஸ்பென்சரி கொடுத்த குளிசைகளைத் தேயிலைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். முதலில் முழுசு. பிறகு பாதி. பிறகு கத்தியால் நான்காக வெட்டிக் கால். இரண்டு வாரத்துக்கு முன் தேயிலை மட்டும் மிஞ்சியது. இப்படித் திடீரென்று நின்றுபோனால் வலிப்பு முன்னையைவிடப் பலமாக வரும் என்பதை யார் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்? நான் சொல்லியிருக்கலாம். குளிசை என் மேசைக்கு வந்தது.

எஸ்தர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்கள் என் மகளின் கையைப் பார்த்தீர்கள். பார்த்ததை நான் கண்டேன். ஏன் கேட்கவில்லை?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தார். ஆறு பேர் காத்திருந்தார்கள் என்று சொல்வதா?

அந்த நேரம் தாதி ஒருத்தி படிவத்தோடு வந்தாள். சிரித்த முகம், வேகமான பேனா. குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு உண்டா? சின்ன மகளுக்கு?

எஸ்தர் உடனே பதில் சொல்லவில்லை. நேமாவைப் பார்த்தார். பிறகு, ஹபானா.

தாதி குறியிட்டாள். போய்விட்டாள்.

அந்த இடைவெளியை எனக்குத் தெரியும். பதினாறு மாதத்துக்கு முன் அதே இடைவெளிக்குமேல் நான் குறியிட்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கு ஒரு மணித்தியாலம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்றார்.

எட்டு நிமிடத்தில் ஒரு மனுசியின் பதினொரு வருடப் பயத்தை எப்படித் திறப்பது? பயப்படாதே என்று சொல்லலாம். அதை இந்த நாட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், சுவரொட்டியிலும் போட்டிருக்கிறார்கள். என் கையில் கொடுப்பதற்கு வேறென்ன இருந்தது? நான்கு மாம்பழமும் ஒரு பொய்யும்.

பொய்யைக் கொடுத்தேன். என் கணவரைப் பற்றிச் சொன்னேன். இருபத்தொன்றைப் பதினேழு ஆக்கியதைச் சொன்னேன். அந்தப் பொய்யோடு முப்பத்தெட்டு வருடம் இங்கே இருக்கிறோம், யாரும் எங்களை அனுப்பவில்லை, பிள்ளைகளைப் பறிக்கவில்லை என்றேன். இரண்டு பிறந்தநாளையும் சொன்னேன். குளிர்பெட்டியில் தொங்கும் கடிதத்தையும் சொன்னேன். "பொய் எங்களைக் காப்பாற்றியது உண்மை. இப்போது அது அவரைக் கொல்லப் பார்க்கிறது," என்றேன்.

எஸ்தர் இரண்டு பிறந்தநாள் என்ற இடத்தில் சிரித்தார். முதல்முறையாக அவருடைய பல்லைப் பார்த்தேன். பிறகு சிரிப்பு நின்றது. குனிந்து, மகள்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நேமாவும் விழுந்தாள். இரண்டு தரம்."

நான் எழும்பி ஓடினேன். ஐம்பது தாண்டிய மனுசி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓடினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். தாதியைப் பிடித்து, படிவத்தைத் திருப்பித் திறக்க வைத்து, டொக்டரைக் கூட்டிவந்தேன். மொழிபெயர்ப்பாளர் தன் நேரம் முடிந்தும் மேலங்கியோடு நின்றார். அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

நேமாவுக்கு வெள்ளிக்கிழமையே மருந்து தொடங்கிவிட்டார்கள். யாரும் அவளைப் பறிக்கவில்லை. நல்ல முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். நான் கேட்காமல் விட்டதன் விலையை அக்காக்காரி கட்டிலில் இருந்து கட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனபோதும் நீச்சல் உடுப்பைத்தான் கேட்டாள்.

எங்கள் கிளினிக்கில் படிவம் மாறவில்லை. குழு போட்டிருக்கிறார்கள். இருபது நிமிடமும் இருபது நிமிடம்தான். நான் மட்டும் ஒரு வேலை செய்கிறேன். யாராவது 'இல்லை' என்று சொல்ல நேரம் எடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் புறுபுறுக்கிறார்கள். புறுபுறுக்கட்டும்... அதில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள்.

என் கணவரின் உண்மையான வயதை இந்த ஒஸ்லோவில் முதன்முதலாக அறிந்த வெளியாட்கள் எஸ்தரும் அந்த மொழிபெயர்ப்பாளரும். அடுத்தது நீங்கள். டொக்டர் எரிக்குக்கு இன்னும் தெரியாது.